தேறிய குதிரையை யாரிடம் விடுவது?

கைவிடப்பட்ட ஒரு குதிரையை மீட்டுக் கொண்டுவர ஒரு நாள் போதும். வண்டி பிடிக்க வேண்டும், நாலு ஆள் வேண்டும், கூடவே ஒரு கால்நடை மருத்துவர் இருந்தால் நல்லது. அதைத் தேற்றி எடுக்க நாலைந்து மாதம் ஆகும், ரொம்ப மோசமாக வந்தது என்றால் எட்டு மாதம்கூட ஆகும். அதற்கப்புறமும் அது பதினைந்து வருஷம் உயிரோடு இருக்கக்கூடும். நல்ல கவனிப்பில் குதிரை 25, 30 வயது வரை வாழும். பந்தயத்திலிருந்தும் சவாரியிலிருந்தும் கழித்துவிடப்படுகிறவற்றில் பலவும் பத்து வயதைக்கூடத் தாண்டியிருக்காது. மீதிக் காலத்தை அது யாரிடம் கழிக்கப் போகிறது என்பதுதான் சின்னக் காப்பகம் நடத்துகிறவர்களைத் தூங்கவிடாத கேள்வி.

நாங்கள் மேட்டுப்பாளையம் பக்கம் மூன்று ஏக்கரில் இதைச் செய்கிறோம். ஐந்து குதிரைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஊட்டியில் சீசன் முடிந்ததும் தெருவில் விடப்பட்டு, குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மிச்ச சோற்றைத் தின்றுகொண்டிருந்த மட்டக்குதிரைகள் வந்திருக்கின்றன. கால் கெட்டுப்போன பந்தயக் குதிரைகள், கல்யாண ஊர்வலத்துக்கென்று வாங்கி அப்புறம் கட்டுத்தறியிலேயே மறக்கப்பட்டவை என்று எல்லாமே வந்திருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதற்கு எங்களுக்கு இருந்த வழிகளையும், ஒவ்வொன்றிலும் பட்டதையும் எழுதுகிறேன். இதே வேலையை ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் முடிவெடுக்க உதவும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். குதிரை பிழைத்தால்தானே யாரிடம் விடுவது என்ற பேச்சே வரும். எங்களிடம் முதலில் வந்தவள் ஒரு செவலை. விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணலாம். வாலடியில் கை வைத்தால் எலும்பின் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது, தோலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. பக்கத்துத் தோட்டத்து ஆத்தா பார்த்துவிட்டுக் கண் கலங்கி, ஒரு குண்டா நிறையக் கொள்ளு அவித்துக் கொண்டுவந்தார். குதிரைக்குக் கொள்ளு கொடுப்பதில் தப்பென்ன இருக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். செவலை ஆசையாகத் தின்றாள். மூன்று நாளும் கொடுத்தோம். நாலாம் நாள் காலையில் தொடைச் சதை நடுங்கியது, நிற்க முடியாமல் உட்கார்ந்தாள், மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு மாவுச்சத்து மிகுந்த தீவனத்தைத் திடீரென்று கொடுத்தால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச பாஸ்பரஸ், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், பட்டினி கிடந்த குதிரைக்கு ஏற்றது குதிரைமசால் என்ற தீவனப் பயிர் என்று கண்டார்கள். நம் பக்கம் அது கிடைக்கிற பயிர்தான், பெயரிலேயே குதிரை இருக்கிறது. காய்ந்த மசாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் எழுந்து கொடுக்க வேண்டும். பத்து நாளில் மெல்ல அளவைக் கூட்டலாம். கொள்ளுக்கு அப்புறம் நேரம் வரும். அந்த ஆத்தாவிடம் காரணத்தை நான் சொல்லவே இல்லை.

சரி, பிழைத்துத் தேறியது என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நாமே கடைசி வரை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். ராத்திரி கண்விழித்து வளர்த்த ஜீவனை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வராது. ஆனால் கணக்கு வேறு மாதிரிப் பேசும். குதிரை தன் எடையில் கிட்டத்தட்ட 2 சதவீதம் உலர்தீவனம் தினமும் தின்னும். 350 கிலோ குதிரைக்கு 7 கிலோ. ஐந்து குதிரைக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு டன்னுக்கு மேல். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு வெட்ட வேண்டும், வருஷம் ஒரு தடவையாவது பல்லைப் பார்க்க வேண்டும், குடற்புழு மருந்து, ரணஜன்னிக்கும் வெறிநோய்க்கும் ஊசி.

பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். ஆறாவது குதிரைக்காக வரும் போன்தான் தாங்க முடியாதது. எங்கள் லாயம் நிறைந்திருந்த ஒரு மழைக்காலத்தில், கால் உடைந்து ரோட்டோரம் நின்ற ஒரு மட்டக்குதிரைக்கு இடமில்லை என்று சொன்னேன். லாயத்தில் அப்போது இருந்த ஐந்தில் மூன்று நன்றாகத் தேறி, கொழுத்து, வேறு எந்த நல்ல வீட்டிலும் இருந்திருக்கக்கூடியவை. அந்த மூன்றில் ஒன்றை முன்பே கொடுத்திருந்தால் ஓர் இடம் இருந்திருக்கும். அன்றிலிருந்து, வேறு எங்கும் பத்திரமாக இருக்க முடியாதவற்றை மட்டுமே கடைசி வரை வைத்துக்கொள்கிறோம். பார்வை போன குதிரை பழகிய இடத்தில் நன்றாகவே சமாளிக்கும், புது இடத்தில் முட்டி மோதிக் காயப்படும். குளம்பு வீக்கம் திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்குத் தினமும் தெரிந்த கண் வேண்டும். அப்படி இரண்டு பேர் எங்களிடம் நிரந்தரம்.

அடுத்தது ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது. தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவர் வந்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார், பிள்ளைகளுக்கும் ஆசை. காகிதம் எதுவும் எழுதவில்லை, கயிற்றைக் கையில் கொடுத்து அனுப்பினோம். எட்டு மாதம் கழித்து ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போயிருந்தேன். வரிசையில் கட்டியிருந்த குதிரைகளில் ஒன்று என் குரலைக் கேட்டுக் காதைத் திருப்பியது. நெற்றி வெள்ளையும் இடது முழங்கால் தழும்பும் அதேதான். அதற்குள் மூன்று கை மாறியிருந்தது. விற்றவர்மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, கொடுத்தது கொடுத்ததுதான். விலை பேசித் திரும்ப வாங்கி வந்தேன்.

இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், ஒரு விலை வையுங்கள் என்று பலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. பணம் வாங்கிவிட்டால் அது விற்பனை. நாளைக்குப் போய் ஏன் இளைத்திருக்கிறது என்று கேட்டால், "நான் காசு கொடுத்து வாங்கினது, நீங்க யாரு கேக்க?" என்பார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது.

மூன்றாவது வழி, வளர்ப்பை மட்டும் கொடுத்து உரிமையை நம்மிடமே வைத்துக்கொள்வது. இங்கிலாந்தில் 1927-இல் தொடங்கிய வேர்ல்ட் ஹார்ஸ் வெல்ஃபேர், ரெட்விங்ஸ் போன்ற பெரிய அமைப்புகளே இப்படித்தான் செய்கின்றன. குதிரை யார் தோட்டத்தில் வாழ்ந்தாலும் சாகும்வரை அது அமைப்பின் குதிரை. நாங்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டோம். விற்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, குட்டி எடுக்கக் கூடாது, நாங்கள் சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்று முத்திரைத்தாளில் எழுதுகிறோம். கடைசியாக ஒரு வரி: எந்த நாளிலும், எந்தக் காரணத்துக்காகவும், காரணமே சொல்லாமலும் திருப்பிக் கொடுக்கலாம். என் அனுபவத்தில் அந்த ஒப்பந்தத்திலேயே பெரிய வேலை செய்வது இந்த வரிதான். முடியாமல் போனவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்பதால்தான் குதிரை மறுபடி கட்டுத்தறியில் காய்கிறது.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. யாராவது மீறினால் வழக்குப் போட்டு ஜெயிப்பதற்குள் குதிரைக்கு வயதாகிவிடும். ஆகவே காகிதத்தைவிட நம் கால்தான் முக்கியம். முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கிறோம். இரண்டு மணி நேர பஸ் தூரத்துக்கு மேல் யாருக்கும் கொடுப்பதில்லை, எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, உரிமை முதலில் நம்மிடம் இருக்க வேண்டும். பழைய உரிமையாளரிடம் எழுதி வாங்கியிருக்க வேண்டும். போலீஸ் வழக்கில் பிடிபட்ட குதிரை என்றால் அது வழக்குச் சொத்து. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகள்படி நீதிமன்றம் நம்மிடம் பராமரிப்புக்குத்தான் ஒப்படைக்கிறது, வழக்கு முடியும்வரை அதை யாருக்கும் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. இது தெரியாமல் நல்லெண்ணத்தோடு கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் கையைப் பிசைந்து நிற்கக் கூடாது.

இடம் பார்க்கப் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அன்னூர் தாண்டி ஒரு தோட்டம். நல்ல நிழல், தொட்டி நிறையத் தண்ணீர், ஏற்கெனவே ஒரு வயசான மட்டக்குதிரை துணைக்கு இருந்தது. குதிரை கூட்டத்து ஜீவன், தனியாகக் கட்டிப்போட்டால் ஏங்கிப்போகும் என்பதால் துணை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்போம். எல்லாமே பிடித்துப்போனது. திரும்புகிற நேரத்தில் வேலியைப் பார்த்தேன். நாற்பதடி நீளத்துக்கு அரளி, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நின்றது.

"இருவது வருசமா மாடு கட்டியிருக்கோம், ஒண்ணும் ஆனதில்லைங்க" என்றார் அந்த வீட்டம்மா. தினம் சாமிக்கு அந்தப் பூதான். மேய்ச்சலுக்கு வேறு வழி இருக்கிறவரை பெரும்பாலும் எந்த ஜீவனும் அதைத் தொடாது, ஆனால் சும்மா நிற்கிற குதிரை எட்டுவதையெல்லாம் கடித்துப் பார்க்கும், ஒரு கைப்பிடி இலை அதன் இதயத்தை நிறுத்தப் போதும், காய்ந்து உதிர்ந்த இலையிலும் விஷம் போகாது என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து போன் வந்தது: "வேலிய எடுத்துட்டோங்க, செம்பருத்தி நட்டிருக்கேன், வந்து பாருங்க." போனேன். வேரோடு பிடுங்கி, கிளைகளை ரோட்டில் போடாமல் தனியாகக் குழிவெட்டிப் புதைத்திருந்தார்கள். அங்கே குதிரையைக் கொடுக்க எனக்கு முத்திரைத்தாளே தேவைப்பட்டிருக்காது.

அரளியைப் போலவே இன்னொரு கண்ணி தீவனத்தில் இருக்கிறது. நம் பக்கத்துப் பால்மாட்டுக்காரர்கள் எல்லோரும் கோ-4 புல் போட்டிருக்கிறார்கள். மாட்டுக்கு அருமையான புல். கம்பும் நேப்பியர் புல்லும் சேர்ந்த ஒட்டுரகம், அதில் ஆக்ஸலேட் என்ற உப்பு அதிகம். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. தின்கிற சுண்ணாம்புச் சத்தை ஆக்ஸலேட் கட்டிப்போட்டுவிடும். கூடவே தவிட்டையும் அள்ளி வைத்தால் பாஸ்பரஸ் மிஞ்சி, மாதக்கணக்கில் எலும்பு கரைந்து முகம் வீங்கி நொண்ட ஆரம்பிக்கும். அதைக் கொடுக்கிறவர் அன்போடுதான் கொடுப்பார். அதனால்தான் மனசு நல்லதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது, தொட்டியில் என்ன கிடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

குதிரை வளர்க்கத் தெரிந்தவர்களே குறைந்துவருகிறார்கள். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-இல் சுமார் 3.4 லட்சமாகிவிட்டன. லாடம் அடிக்கிறவரும் அதே வேகத்தில் காணாமல் போகிறார். ஒரு நல்ல லாடக்காரர் மாதம் ஒரு தடவை வரக்கூடிய ஊரா என்பதையும் இப்போது கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறோம்.

கேட்டு வருகிறவர்கள் பலர் முதலில் கேட்பது வயதையோ குணத்தையோ அல்ல, சுழியை, அதாவது ரோமம் சுழித்திருக்கும் இடங்களை. கழுத்தில் எங்கே, நெஞ்சில் எத்தனை என்று தடவிப் பார்ப்பார்கள். சுழி சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சந்தையில் விலைபோகாமல் கைவிடப்பட்ட ஒரு மயிலை எங்களிடம் ஒன்றரை வருஷம் நின்றது. குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் அசையாத குதிரை. இதில் நான் யாரோடும் வாதாடுவதில்லை. சுழியை நம்புகிறவரிடம் அந்தக் குதிரையைத் தள்ளிவிட்டால், வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலும் பழி அதன்மேல்தான் விழும். நம்பாதவர் வரும்வரை காத்திருந்தோம், வந்தார்.

நாலாவது வழியைப் பற்றிப் பேசினால் பிராணி நேசர்கள் பலர் கோபப்படுவார்கள்: பழைய உரிமையாளரிடமே திருப்பிக் கொடுப்பது. எல்லோரிடமும் இல்லை. அடித்துக் காயப்படுத்தியவரிடமும், இரண்டாம் தடவை பட்டினி போட்டவரிடமும் பேச்சே கிடையாது. ஆனால் மெரினாவிலும் ஊட்டி ஏரிக்கரையிலும் சவாரி விடுகிறவர்களுக்குக் குதிரைதான் சோறு. 2020 ஊரடங்கில் சவாரி நின்றபோது அவர்கள் வீட்டு அடுப்பும் குதிரையின் தீவனத் தொட்டியும் ஒரே நாளில்தான் காலியாயின. அப்படிப்பட்டவரிடமிருந்து குதிரையைப் பிடுங்கிக்கொண்டால் கடன் வாங்கி இன்னொன்றை வாங்குவார், அதுவும் இதே நிலைக்கு வரும். சட்டம் விதிக்கிற அபராதமோ முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான், அதற்கு யாரும் பயப்படப் போவதில்லை. குளம்பு வெட்டி, பல்லைத் தேய்த்து, சேணப்புண்ணை ஆற்றி, அடியில் வைக்கத் தடித்த கம்பளியும் தைத்துக் கொடுத்து மூன்று குதிரைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இரண்டு நன்றாக இருக்கின்றன. ஒன்றைத் திரும்பப் போய்க் கூட்டிவர வேண்டியதாயிற்று.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். அப்படி வாயை மூடுகிற குதிரைகளின் வாயைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கடைவாய்ப் பல் ஓரம் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு கன்னத்தைக் கிழித்திருக்கும். அடங்காத குதிரை என்று அடி வாங்கிய ஒன்று, பல் தேய்த்த மறுவாரமே தலையைத் தானாகக் குனிந்து கொடுத்தது. உரிமையாளர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பெரிய காப்பகத்துக்கு அனுப்பிவிடலாமே என்பது ஐந்தாவது வழி. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அவையும் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். அறுவை சிகிச்சை வேண்டிய குதிரைக்கு மட்டும் அந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வழியைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. குளம்பு எலும்பு இறங்கி அடியைத் துளைத்துக்கொண்டு வந்துவிட்ட குதிரை, கால் எலும்பு நொறுங்கிய குதிரை, குடல் முறுக்கிக்கொண்டு உருளுகிற குதிரை ஆகியவற்றுக்கு மேலே சொன்ன எந்த வீடும் வீடு இல்லை. மருத்துவர் கருணைக்கொலைதான் என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளும் பலம் காப்பகம் நடத்துகிறவருக்கு வேண்டும். பாவம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். தாங்க முடியாத வலியில் கிடக்கும் பிராணியின் உயிரை முடிக்க 1960 சட்டமே 13-ஆம் பிரிவில் இடம் தருகிறது. ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ஊசி மருந்து உடம்பிலேயே தங்கும், அந்த மாமிசத்தைத் தின்கிற நாயும் கழுகும் சாகும். எங்களுக்கு மேலே மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் மிச்சமிருக்கின்றன. அதனால் ஜேசிபி வைத்து ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், அன்றைக்கே.

எந்த வழியில் கொடுப்பதானாலும் சில வேலைகளை முடிக்காமல் எங்கள் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. ஆண் குதிரை என்றால் காயடித்தாக வேண்டும். பெண் குதிரைக்குச் சினை இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும், பதினொரு மாதச் சினையை எலும்பும் தோலுமான உடம்பில் யாரும் கவனிக்க மாட்டார்கள். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். அது மனிதருக்கும் தொற்றும், தடுப்பூசி இல்லை, கால்நடைத் தொற்றுநோய்கள் பற்றிய 2009 சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். ஹிசாரில் இருக்கிற தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்திலிருந்து முடிவு வரும்வரை புதுக் குதிரை தனிக் கொட்டகையில்தான் நிற்கும். கடிக்கிற ஈக்களால் பரவும் சர்ரா நோய்க்கும் சேர்த்தே பார்த்துவிடுகிறோம். உடல்நிலையை 1983-இல் டெக்ஸாஸில் ஹென்னக் என்ற ஆராய்ச்சியாளர் வகுத்த, எலும்பும் தோலுமானதற்கு 1, மிகக் கொழுத்ததற்கு 9 என்ற மதிப்பெண்ணால் கையால் தடவித்தான் அளக்கிறோம், ரோமம் கண்ணை ஏமாற்றும். 5-இல் வந்து இரண்டு மாதம் நிலையாக நின்றால்தான் கொடுப்பது.

இப்போது லாயத்தில் ஒரு சாம்பல் நிறத்தாள் இருக்கிறாள், ஊட்டியிலிருந்து மார்கழியில் வந்தவள், வரும்போது மதிப்பெண் 2. தேறிவிட்டாள். காலில் பழைய அடி இருப்பதால் சவாரிக்கு ஆகாது. கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவருக்குச் சவாரி வேண்டும், ஒருவர் வெகுதூரம். அன்னூர்த் தோட்டத்து வயசான மட்டக்குதிரை போன மாதம் இறந்துவிட்டது, நாங்கள் கொடுத்தவன் அங்கே தனியாக நின்று கேட்டைப் பார்த்துக் கனைக்கிறானாம். வருகிற வெள்ளிக்கிழமை சாம்பல்காரியை அங்கே கூட்டிப் போகிறோம். பத்து நாளுக்கு வேண்டிய, இங்கே தின்று பழகிய தீவனத்தையும் மூட்டை கட்டி வைத்தாயிற்று. முதல் நாள் முக்கால் பங்கு இதுவும் கால் பங்கு அங்கத்திய புல்லுமாகக் கலந்து வைத்து, நாளாக நாளாக மாற்ற வேண்டும் என்று அந்த வீட்டம்மா காலண்டரில் குறித்துக்கொண்டிருக்கிறார்.